‘வெரி’யை வெட்டியவர்

காகிதத்தில் ‘வெரி’ என்ற ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டதும் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார். கடிதத்தின் மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்பது அதன்பிறகு அவருக்கு முக்கியமில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சில் வெளியே வரும். ‘வெரி’யைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு, கோட்டின் முனையில் அவர் சிபாரிசு செய்யும் சொல், அதன் கீழே இரண்டெழுத்தில் சுருக்கொப்பம், தேதி. ஒற்றைச் சொல்லை மாற்றுவதற்கு ஒப்பமும் தேதியும் போடுகிற மனிதரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடுகளை அழுத்தி லாரிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. அவர் அங்கே ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். நான் டைப்பிஸ்ட். எண்பதுகளின் நடுவில், ஆவடியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து வருடம் அவருக்கு டைப் அடித்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதையால் அல்ல. எழுதினால் அந்தப் பெயரையும் ஒருமுறை டைப் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆங்கிலம் அளவின் மொழி என்பது அவர் சித்தாந்தம். நம் ஆட்களிடம், அதிலும் வில்லிவாக்கத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இருப்பவர்களிடம், இரண்டே அளவுகள்தான் இருக்கின்றன, ஒன்று ‘வெரி’, இன்னொன்று ‘டூ’ என்பார். ‘வெரி’ என்றால் அதிகம். ‘டூ’ என்றால் வேண்டியதைவிட அதிகம். ஆகவே அதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. நல்ல விஷயத்தைச் சுமாராகச் சொல்ல ‘ஃபேர்லி’, பிடிக்காத விஷயத்தைச் சுமாராகச் சொல்ல ‘ரேதர்’. ‘கொய்ட்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தழையும், ஏதோ குலதெய்வத்தைச் சொல்வதுபோல. உயரம், அழகு மாதிரி கூடவும் குறையவும் கூடிய குணத்தோடு சேர்ந்தால் அது ‘ஓரளவு’. கூடவோ குறையவோ முடியாத ஒன்றோடு சேர்ந்தால் அதே சொல் ‘முழுக்க’. ‘கொய்ட் டால்’ என்றால் ஓரளவு உயரம், ‘கொய்ட் டெட்’ என்றால் முழுக்கச் செத்தாயிற்று.

அவர் சொன்ன இலக்கணம் அத்தனையும் சரி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்காவது ஒரு தப்பு கிடைக்காதா என்று பிற்பாடு புத்தகங்களை வாங்கித் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

திருத்திய தாள்களைக் கிழித்துப் போட எங்களுக்கு உரிமை கிடையாது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். அதற்குக் ‘கரெக்‌ஷன் ஃபைல்’ என்று பெயர். புதிதாக வருகிற டைப்பிஸ்ட் முதல் வாரம் முழுக்க அதைத்தான் படிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த மூன்று பெண்களின் தவறுகளை நான் படித்துத்தான் வேலைக்குள் நுழைந்தேன். அவர்களுடைய காய்ச்சல், கல்யாணம், கருச்சிதைவு எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றின்மேலும் வட்டம்.

என் முறையும் வந்தது. ஒருநாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அவசரமாக ஒரு லீவு லெட்டர் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். ‘மை ஃபாதர் இஸ் வெரி சீரியஸ்’ என்று எழுதியிருந்தேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். “உங்கப்பா ரொம்ப சிரிக்காத மனுஷராம்மா? அதுக்கு எதுக்கு லீவு?”

நோயைத்தான் அளக்க வேண்டும், அப்பாவை அல்ல. ‘சீரியஸ்லி இல்’ என்று எழுது என்றார். இருந்த அவசரத்தில் ‘வெரி சீரியஸ்லி இல்’ என்று அடித்துக் கொண்டுவந்தேன். ஒரு தலைக்கு இரண்டு குடையா என்று கேட்டு இன்னொரு வட்டம் போட்டார். மூன்றாவது தடவை ஒப்பம் கிடைத்தபோது ஆவடி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கண்ணால் கேட்டார். ஒரு சொல்லுக்காக என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று, இப்போது எப்படி இருக்கிறார் என்று இவர் ஆங்கிலத்தில் விசாரித்தார். ‘வெரி’ என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘மச் பெட்டர் சார்’ என்று முடித்தேன்.

“பரவாயில்லையே, தேறியாச்சே” என்றார்.

அப்பாவைத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

காட்டுப்பாக்கத்தில் அவர் வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஆபீஸையே கூப்பிட்டிருந்தார். நாங்கள் எட்டுப் பேர் போனோம். அவர் மனைவி விடியற்காலையிலிருந்து ஒற்றை ஆளாக எல்லோருக்கும் சமைத்திருந்தார். வெளியாட்களை வைத்துச் சமைத்தால் பிடிக்காது என்று அவர் சொல்லிவிட்டாராம். பந்தியில் அந்த அம்மாளை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்: “ஷி இஸ் எ ஃபேர்லி குட் குக்.” ஆங்கிலம் தெரியாத அந்த அம்மாள், கணவர் நாலு பேர் முன்னால் தன்னைப் புகழ்கிறார் என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ‘ஃபேர்லி’க்கு என்ன மதிப்பெண் என்று எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். நூற்றுக்கு நாற்பது, கூடிப்போனால் நாற்பத்தைந்து. சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டோம். அந்தச் சாம்பாரின் ருசி எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்கு நாற்பத்தைந்து கொடுத்த நாக்கின்மேல் எனக்கு எந்த மரியாதையும் இல்லை.

இருந்தாலும், ஒரு பைத்தியம் இது, எல்லோரையும் ஒன்றுபோலப் பாடாய்ப் படுத்துகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதையும் உடைத்தது ஒரு கடிதம். வடக்கே இருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. முதலாளி சந்தோஷத்தில் தானே பதில் எழுதினார்: ‘வி ஆர் டூ ஹேப்பி டு ரிசீவ் யுவர் ஆர்டர்.’ இவர் கற்பித்த இலக்கணப்படி அதற்கு, எங்கள் மகிழ்ச்சி அளவுக்கு மீறிப்போனதால் உங்கள் ஆர்டரை வாங்கிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறோம் என்று பொருள். நான் அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அடித்து, அவர் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் படித்தார். கை பைக்குப் போயிற்று. சிவப்புப் பென்சில் பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கிவிட்டது.

“முதலாளியோட ஸ்டைல் அது. அப்படியே போகட்டும்.”

அவரிடம் இருந்த அளவுகோல் ஆங்கிலத்துக்கானது அல்ல என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் அது வெளியே வரும். புரிந்தும் நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பற்றியும் சொல்லத்தானே வேண்டும்.

ஏசுபாதம் பிரஸ் ஆப்பரேட்டர். பருத்திப்பட்டுக்காரர். அவருடைய அப்பா வரை பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்தவர் இவர். வயதில் என்னைவிடப் பத்து வருடமாவது மூத்தவர் என்றாலும் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், என் மேஜைக்கு வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அஞ்சாம் நம்பர் பிரஸ்ஸு சரியில்ல சிஸ்டர். பெடல்லேர்ந்து கால எட்த்தப்பறமும் தானா இன்னொரு தபா எறங்குது. ரொம்ப டேஞ்சரு. எழுதிக் குட்த்தாதான் பாப்பேன்னு மெயின்டனன்ஸ்ல சொல்றாங்க. நீங்க ஒரு லெட்டர் அட்ச்சுக் குடுங்க.”

பிரஸ் என்பது தகட்டை அழுத்தி வெட்டுகிற இயந்திரம். மிதித்தால் மேலிருக்கும் அச்சு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். அது ஏறியதும் ஆப்பரேட்டர் கையை உள்ளே விட்டு வெட்டிய துண்டை எடுப்பார். எடுக்கிற நேரத்தில் தானாக இன்னொரு முறை இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இயந்திர அறிவு தேவையில்லை. ‘பிரஸ் நம்பர் ஃபைவ் இஸ் வெரி டேஞ்சரஸ்’ என்று தொடங்கி நான்கு வரி அடித்தேன். ஏசுபாதம் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

எந்தக் கடிதமும் சூப்பரின்டென்டென்ட் வழியாகத்தான் மெயின்டனன்ஸுக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். வட்டம் போட்டாகிவிட்டது.

‘வெரி டேஞ்சரஸ்’ என்று யார் அளந்தது என்று கேட்டார். இதுவரை யாருக்காவது அடிபட்டிருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? இருப்பது ஒழுங்கின்மை மட்டும், அதுவும் எப்போதாவது. ஓரத்தில் ‘ரேதர் இர்ரெகுலர்’ என்று எழுதியிருந்தார். கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. கீழே ஒப்பம், தேதி.

ஏசுபாதம் அப்படித்தானே சொன்னார் சார் என்றேன்.

“அவன் சொல்றது உணர்ச்சி. நீ அடிக்கிறது இங்கிலீஷ்.”

திரும்ப அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது, “குட்” என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ‘குட்’ அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதும்போது இப்போது விரல் கூசுகிறது. ஏசுபாதத்தைக் கூப்பிட்டுப் புதுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எதற்கு இன்னொரு தடவை என்று அவர் கேட்டார். டைப்பிங் மிஸ்டேக் என்றேன்.

மெயின்டனன்ஸில் இருந்தவரைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் ஒழுங்கில்லை என்று வந்தால், மாதாந்தரச் சர்வீஸ் பட்டியலில் கடைசியாகச் சேர்ப்பார். சேர்த்தார்.

ஒன்பது நாள் கழித்து ஒரு திங்கள்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், பிரஸ்கள் ஓடும் ஷாப்பில் எல்லா இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதிதான் முதலில் எங்களை எழுப்பியது. பிறகுதான் சத்தம் வந்தது. வலது கையில் மூன்று விரல்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஏசுபாதத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வேன் வெளியேறிய பத்தாவது நிமிடத்தில், சூப்பரின்டென்டென்ட் என்னை நோட்டுடன் உள்ளே கூப்பிட்டார். விபத்து அறிக்கை. ஆப்பரேட்டர் ‘ரேதர் கேர்லெஸ்’ என்று சொன்னார். எழுதினேன். இயந்திரம் ‘கொய்ட் சேஃப்’ என்று சொன்னார். என் பென்சில் நின்றுவிட்டது.

“இந்த ‘கொய்ட்’ முழுக்கவா சார், ஓரளவா?”

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. நல்ல மாணவி நல்ல கேள்வி கேட்டுவிட்டாள்.

“படிக்கிறவங்க எப்படி எடுத்துக்கிறாங்களோ, அப்படி.”

இரண்டு வருடமாக அவர் எனக்கு விளக்கிய இலக்கணம் முழுக்க எதற்கென்று அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. பிற்பாடு கேள்வி வந்தால் நின்றுகொள்ள இரண்டு பக்கமும் இடமுள்ள ஒரு சொல். வேன் போன தடத்தில் இரத்தம் காயவில்லை, இவர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ரப்பர் செருப்புப் போட்ட, அதிகம் பேசாத மனிதர். முதலாளியின் அறையில் அவரும் முதலாளியும் சூப்பரின்டென்டென்டும் உட்கார்ந்தார்கள். ஏசுபாதம் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனைவியோடு கதவருகே நின்றார். கவனக்குறைவு என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்குகிற உத்தரவை முதல் நாளே நான் அடித்திருந்தேன். ஆய்வாளர் போனதும் கையெழுத்தாகும் என்று ஏற்பாடு.

ஆய்வாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, ‘கொய்ட் சேஃப்’ என்றால் என்ன என்று கேட்டார். இவர் தயங்காமல், முழுப் பாதுகாப்பு என்றார். முன்னால் ஏதாவது புகார் வந்ததா? வந்தது சார், ஆனால் சின்னது; ‘ரேதர் இர்ரெகுலர்’ என்றுதான் தொழிலாளியே எழுதியிருக்கிறார், அவருடைய கையெழுத்தே இருக்கிறது பாருங்கள். புகார்க் கோப்பைக் கொண்டுவரும்படி என்னிடம் சொன்னார்.

நான் என் அறைக்குப் போய்ப் புகார்க் கோப்பை எடுத்தேன். கீழேதான் கரெக்‌ஷன் ஃபைல் இருந்தது. அதையும் எடுத்தேன். தைரியம் என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். ஏசுபாதத்தின் மனைவி நான் கோப்பெடுக்க வெளியே வரும்போது எனக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்கு வழிவிட்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே போய், அந்தப் பக்கத்தைத் திறந்து ஆய்வாளர் முன்னால் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். ஏசுபாதத்தின் முதல் கையெழுத்து, ‘வெரி டேஞ்சரஸ்’, சிவப்பு வட்டம், ஓரத்தில் திருத்தம்.

“இது யாரோட இனிஷியல்?”

“என்னுது சார்” என்றார் இவர்.

“அப்ப மொதல்ல வந்ததை நீங்க படிச்சிருக்கீங்க. தேதியும் போட்டிருக்கீங்க.”

“சார், அது லாங்க்வேஜ் பாயின்ட்ல…”

“லாங்க்வேஜ் நான் கேக்கல.”

முதலாளி கூரையைப் பார்த்தார். நான் அடித்து வைத்திருந்த நீக்க உத்தரவு அன்று மாலை குப்பைக்கூடைக்குப் போயிற்று. ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸுக்கு சீல் வைத்தார்கள். பிறகு கிளட்ச் மாற்றி, முன்னால் தடுப்புப் போட்டபின்தான் ஓட்டினார்கள். ஏசுபாதத்துக்குச் சேர வேண்டியது சட்டப்படி சேர்ந்தது. ஸ்டோர்ஸில் வேலையும் கொடுத்தார்கள்.

சூப்பரின்டென்டென்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்கு அவரால் காரியம் ஆக வேண்டியிருந்தது. மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து, “அந்த ஃபைல் ட்ரெய்னிங்குக்கு வெச்சது, எவிடென்ஸுக்கு இல்ல” என்றார். அவ்வளவுதான் என்மேல் கோபம். மூன்று விரல்களைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டோர்ஸ் வாசலைத் தவிர்த்து, கொட்டகைக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போக ஆரம்பித்தார். அதைக் குற்றவுணர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சங்கடம், அதுவும் சுமாரான சங்கடம். சால்வை மரியாதையோடு ஓய்வு பெற்றார். தொண்ணூறுகளில் பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டு மாடியில் ஆங்கில வகுப்புப் பலகை தொங்கியதைப் பார்த்தேன். வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கத் தோன்றவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். ஆனால் விசாரணை நடந்த அன்று மாலை ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால், நான் ஏதோ நியாயத்தை நிலைநாட்டியவள்போல ஆகிவிடும்.

எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் ஏசுபாதமும் மனைவியும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். மூன்று பேரும் ஆவடி பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தோம். வேலை போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு நன்றி சொன்னார். பிறகு கேட்டார்.

“அந்தப் பேப்பர்ல இன்னா சிஸ்டர் இருந்துச்சு? ஆபீசரு அவ்ளோ நேரம் பாத்துகினே இருந்தாரே.”

நான் சொன்னேன். நீங்கள் ரொம்ப ஆபத்து என்று சொன்னதை முதலில் அப்படியே அடித்தேன், அதை அவர் மாற்றச் சொன்னார், நான் மாற்றி அடித்தேன், நீங்கள் இரண்டாவது முறை கையெழுத்துப் போட்டது அதில்தான். டைப்பிங் மிஸ்டேக் என்று சொன்னது பொய்.

அவருடைய மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னான்னு மாத்துனீங்க?” என்று கேட்டார் ஏசுபாதம்.

“கொஞ்சம் ஒழுங்கில்லாம இருக்குன்னு.”

“கொஞ்சம்” என்றார் அவர். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. கட்டின்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். “நான் உங்க கையில சொன்னது அது இல்லியே சிஸ்டர்.”

“இல்லை.”

பஸ் வந்தது. நல்ல கூட்டம். இடது கையால் கம்பியைப் பிடித்து அவர் ஏறப் பார்த்தார், பழக்கமில்லாத கை வழுக்கிவிட்டது. மனைவி பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவரைத் தாங்கி மேலே தள்ளிவிட்டு, தானும் தொற்றிக்கொண்டாள். படியில் இன்னும் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, வரியாம்மா என்று கேட்டார். வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.